நுரைதானே என்று எண்ணாதீர்!

சென்ற வாரம் படிப்பகத்துத் திண்ணையில் இரு தோழர்கள் மோதிக்கொண்டதைக் கண்டோம். கைகலப்பு அல்ல, கருத்துப் போர்! ஒருவர் மீன்பிடித் துறைமுகத்திலே பெட்டி தூக்கிப் பிழைப்பவர். மற்றவர் நகராட்சியிலே தூய்மைப் பணியாளர்.

"தெர்மகோலை அடியோடு ஒழித்தாக வேண்டும். கால்வாய் அடைப்பை அள்ளி அள்ளி என் கை ஓய்ந்துவிட்டது" என்றார் தூய்மைப் பணித் தோழர்.

"தெர்மகோல் பெட்டி இல்லையென்றால் மீன் நாறும். மீன் நாறினால் என் வீட்டு அடுப்பு ஆறும்" என்றார் துறைமுகத் தோழர்.

பேச்சு முற்றிற்று. இருவரும் நம் பக்கம் திரும்பினர். "அண்ணே, நீங்களே சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம்?"

இருவர் பக்கமும் என்றோம். நழுவுகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, இருவருமே சிரித்துவிட்டனர். நழுவவில்லை, தோழர்களே! நியாயம் இருவர் பக்கமும் இருக்கிறது. இருந்தும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். ஏன்? நுரை என்றால் ஒன்றே என்று நினைத்துக்கொண்டதால்! எப்படிச் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விட்டதால்! அந்த இரண்டு கேள்விகளையும் இன்று கேட்போம், வாருங்கள்.

பிளாஸ்டிக் நுரை என்பது என்ன? பிளாஸ்டிக்குக்குள்ளே காற்றையோ வேறு வாயுவையோ சிறு சிறு குமிழ்களாகச் சிறைப்பிடித்து வைத்தது. அவ்வளவுதான். இந்த வித்தை நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியாததா? மாவு புளித்துப் பொங்குகிறதே, அந்தப் பொங்கல் என்ன? குமிழி! அரிசி பொரியாகிறதே, அது என்ன? குமிழி! ஆப்ப மாவிலே சிட்டிகை சோடா உப்புப் போடுகிறார்களே, எதற்கு? குமிழிக்கு! அடுக்களையில் எத்தனை வழி உண்டோ, ஆலையிலும் அத்தனை வழி உண்டு. வழி வேறானால் பண்டம் வேறு. பண்டம் வேறானால் பயன் வேறு. பயன் வேறானால் ஆபத்தும் வேறு.

முதலில் பொரி உருண்டை வழி. இதுதான் நாம் தெர்மகோல் என்று அழைக்கும் பண்டம். பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கைக் கடுகளவு மணிகளாக்கி, அதற்குள் பென்டேன் என்னும் வாயுவை ஊட்டிவைக்கிறார்கள். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தார் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ட முறை இது. மணிகளை நீராவியில் காட்டினால் பொரியாகப் பொரிகின்றன. நாற்பது மடங்கு வரை பெருக்கின்றன! பொரிந்ததை உடனே அச்சில் போடுவதில்லை. சில மணி நேரம் ஆறவிடுகிறார்கள், வெளிக்காற்று உள்ளே புகட்டும் என்று. பிறகு அச்சிலே கொட்டி மீண்டும் நீராவி. மணியோடு மணி ஒட்டிக்கொள்கிறது, பாகிலே பிடித்த பொரி உருண்டை போல. கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள், மணி மணியாக உதிரும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று, இரண்டே பங்கு பிளாஸ்டிக்!

இரண்டாவது முறுக்கு அச்சு வழி. அதே பாலிஸ்டைரின்தான். ஆனால் மணியாக அல்ல, குழம்பாக உருக்கி, அழுத்தத்தோடு வாயுவைப் புகுத்தி, அச்சின் வாய் வழியே பிதுக்குகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விடுபட்டு, உப்பி, பலகையாக நீள்கிறது. சுவீடன் நாட்டு கார்ல் முன்டர்ஸ் முன்பே கண்டிருந்த வழி. 1940-களில் அமெரிக்காவின் டௌ நிறுவனம் அதைப் பெருந்தொழிலாக்கி ஸ்டைரோஃபோம் என்று பெயரிட்டது. 1942-இல் அமெரிக்கக் கடற்காவல் படை அதைக் கொண்டு உயிர்காக்கும் மிதவை செய்தது. மணிக்கும் மணிக்கும் இடையே இருக்கும் இடுக்கு இதிலே இல்லை. ஆகவே தண்ணீர் எளிதில் புகாது. மாடித் தளத்தின் மேலும் குளிர்பதனக் கிடங்கின் தரைக்கு அடியிலும் இதைப் பதிக்கிறார்கள். ஒரே சரக்கு, இரண்டு செய்முறை, இரண்டு குணம்! கண்டீர்களா, செய்முறையைக் கேட்காமல் பண்டத்தை அறிய முடியாது.

மூன்றாவது, புளித்த மாவு வழி. மெத்தைக்குள்ளே, பேருந்து இருக்கைக்குள்ளே, குளிர்பெட்டியின் சுவருக்குள்ளே இருப்பது இது. பெயர் பாலியூரித்தேன். ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் 1937-இல் கண்டது. இதிலே உருக்குவதும் இல்லை, நீராவியும் இல்லை. பாலியால் ஒரு திரவம், ஐசோசயனேட் ஒரு திரவம். மெத்தைக்கானால் கொஞ்சம் தண்ணீரும் கூட. மூன்றையும் கலந்து ஓடும் பட்டையிலே ஊற்றினால், ஓரிரு நிமிடத்தில் பொங்கி எழுகிறது! எது பொங்க வைக்கிறது? ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கிறது. வாயுவோடு வெப்பமும் பிறக்கிறது. பெருங்கட்டியின் நடுவிலே வெப்பம் 150 டிகிரியைத் தொடும். ஆறுவதற்கு இடம் விட்டு வைக்காவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். மெத்தை நுரையின் குமிழ்கள் ஒன்றுக்கொன்று வாசல் திறந்தவை. காற்று போய்வரும், அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். குளிர்பெட்டி நுரையின் குமிழ்களோ கதவடைத்தவை. உள்ளே சிறைப்பட்ட வாயுதான் குளிரைக் காக்கிறது.

நான்காவது, சோடா உப்பு வழி. நம் காலிலே கிடக்கும் எடையற்ற செருப்பு இருக்கிறதே, அதிலே பெரும்பகுதி ஈ.வி.ஏ. என்னும் பிளாஸ்டிக். சூடேறினால் சிதைந்து நைட்ரஜன் கக்கும் பொடியை அதிலே பிசைந்து, இரும்பு அச்சுக்குள் அழுத்திச் சூடேற்றுகிறார்கள். அச்சைத் திறந்ததும் துள்ளி விரிகிறது. ஆப்பிளுக்கு வலைச்சட்டை போட்டு அனுப்புகிறார்களே, அது பாலிஎத்திலீன் நுரை. முறுக்கு அச்சு வழிக்குத் தம்பி முறை.

சரி, இவற்றால் என்ன பயன்? பட்டியல் போட்டால் பத்தி போதாது. கடலில் பிடித்த மீன் கெடாமல் ஊர் வந்து சேர்வது தெர்மகோல் பெட்டியால். கிராமத்துக் குழந்தைக்குத் தடுப்பூசி மருந்து குளிர் குன்றாமல் போய்ச் சேர்வது பாலியூரித்தேன் சுவர் கொண்ட பெட்டியால். நார்வே நாட்டிலே 1972-இல், புதைந்துகொண்டே இருந்த பாலத்தடிச் சாலையைத் தோண்டி, மண்ணுக்குப் பதிலாகத் தெர்மகோல் பாளங்களை அடுக்கி, அதன்மேல் சாலை போட்டனர். மண்ணின் கனம் குறைந்தது, சாலை புதைவதும் நின்றது. நம் தோழர் இருசக்கர வண்டியில் போகையில் தலையிலே கவசம் போடுகிறாரே, அதன் ஓட்டுக்குள்ளே இருப்பதும் இந்தப் பொரி உருண்டைதான். விழும்போது மண்டை நொறுங்காமல் தான் நொறுங்குகிறது. ஒருமுறை நொறுங்கியது மறுமுறை காக்காது. அடிபட்ட கவசத்தை மறுபடியும் மாட்டிக்கொள்ளாதீர் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறோம்.

இலேசான பண்டம் என்பதால் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடுமா? வைகை அணையைக் கேளுங்கள்! 2017 ஏப்ரலிலே, நீர் ஆவியாவதைத் தடுக்கிறோம் என்று அமைச்சர் பெருமான் முன்னிலையில் தெர்மகோல் அட்டைகளை ஒட்டுநாடாவால் ஒட்டி நீரிலே மிதக்கவிட்டனர். காற்று ஒரு மூச்சு விட்டது. அட்டைகள் அத்தனையும் கரைக்கு ஓடிவந்துவிட்டன! நாடே சிரித்தது. சிரிப்போடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது, கணக்கும் போட வேண்டும். ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. ஒரு கனமீட்டர் தெர்மகோலின் எடை ஏறக்குறைய பதினைந்து கிலோ. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள அட்டை கால் கிலோ கூட இல்லை. அது காற்றுக்கு எதிர்நிற்குமா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தார் 2015-இல் தம் நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் பிளாஸ்டிக் உருண்டைகளை விட்டபோது, காற்று அடித்துப் போகாமலிருக்க அவற்றுக்குள்ளே கொஞ்சம் தண்ணீர் நிரப்பியே விட்டனர். பண்டத்தின் குணம் அறிந்து செய்தால் திட்டம். அறியாமல் செய்தால் கூத்து!

இனி, ஆபத்துக்கு வருவோம். ஆபத்தைச் சொல்லாமல் அருமை மட்டும் பேசுவது வியாபாரியின் விளம்பரம். நமக்கு அது வேலையல்ல.

முதல் ஆபத்து, குமிழிக்குள் அடைக்கும் வாயு. பல ஆண்டுகளாக நுரைத் தொழிலின் செல்லப்பிள்ளையாக இருந்தது சி.எஃப்.சி.-11 என்னும் வாயு. எரியாது, விலை குறைவு, குளிரைக் காக்கும். குறை எங்கே என்று கேட்டார்கள். வானத்திலே இருந்தது குறை! அது மேலே சென்று ஓசோன் படலத்தைத் தின்னும் என்று மொலினா, ரௌலண்ட் என்ற இரு அறிஞர்கள் 1974-இல் எச்சரித்தனர். 1985-இல் தென் துருவத்து வானிலே ஓட்டை கண்டனர். 1987-இல் மாண்ட்ரியல் நகரிலே நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 2010-ஓடு அந்த வாயுவின் உற்பத்தி உலகெங்கும் முடிந்தது என்றனர். முடிந்ததா? 2018-இல் காற்றை அளந்த அறிவியலார், குறைய வேண்டிய அளவு குறையவில்லையே என்று திடுக்கிட்டனர். மூக்கைப் பிடித்துக்கொண்டே போனால் தடம் கிழக்குச் சீனத்தில் போய் நின்றது. நுரை செய்யும் ஆலைகள் கள்ளத்தனமாக அதே வாயுவைப் பயன்படுத்தியது தெரிந்தது. காரணம்? மலிவு! பிடிபட்ட பின் குறைந்தது. சில காசு மிச்சம் பிடிக்க, உலகத்தின் கூரையிலே ஓட்டை! நம் இந்தியாவிலும் அதன் தங்கை வாயு எச்.சி.எஃப்.சி.-141பி, 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. நல்ல காரியம். சட்டத்தைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்துப் பாடம் இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து, தீ. பாலியூரித்தேன் நுரை பற்றினால், நெருப்பு தீண்டுமுன் புகை கொன்றுவிடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை! இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகரக் கடையொன்றில் 1979-இல் இருக்கை நுரை எரிந்து பத்து உயிர் போயிற்று. அதன் பின்னர் 1988-இல் தட்டுமுட்டுச் சாமான்களுக்குத் தீக்காப்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலே 2003 பிப்ரவரியில், ஒரு கேளிக்கை விடுதியின் சுவரில் ஒலியடக்க ஒட்டிய நுரை பற்றி நூறு பேர் மாண்டனர். ஒலியடக்கும் என்று ஒட்டினார்கள், உயிரையே அடக்கிவிட்டது!

இலண்டன் மாநகரத்து கிரென்ஃபெல் கோபுரத்தை மறக்க முடியுமா? 2017 ஜூன் 14. இருபத்து நான்கு மாடி. வசித்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று வெளிப்புறத்தில் நுரைப் பலகையும், அதன்மேல் பாலிஎத்திலீன் நிரப்பிய அலுமினியத் தகடும் பொருத்தினர். ஒரு சமையலறையில் பிறந்த தீ, அந்தத் தகட்டைப் பற்றிக்கொண்டு கோபுரம் முழுதும் ஏறிற்று. 72 உயிர்கள்! ஆபத்து இருக்கிறது என்று குடியிருப்போர் முன்பே முறையிட்டிருந்தனர். கேட்பாரில்லை. சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டித்தான் அப்பொருள்களை விற்றார்கள் என்று 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொல்லிற்று. ஏழை சொன்னால் புலம்பல், எழுபத்திரண்டு பேர் செத்தால் அறிக்கை! இதுதானா நாகரிகம்?

மூன்றாவது ஆபத்து ஆலைக்குள்ளே இருக்கிறது. நாம் சற்றே நின்று பேச வேண்டிய இடம் இது.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபாலில் நடந்தது எல்லோரும் அறிந்தது. அங்கே இருந்தது மெத்தை ஆலை அல்ல, பூச்சிமருந்து ஆலை. ஆனால் தொட்டியில் இருந்த மெத்தில் ஐசோசயனேட், மெத்தைக்கு ஊற்றும் ஐசோசயனேட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வாயு பிறந்தது, வெப்பம் பிறந்தது, அழுத்தம் ஏறிற்று, நஞ்சு வெளியேறிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மெத்தையை எழுப்பும் அதே வினை, தோழர்களே! அளந்து ஊற்றினால் மெத்தை, அசட்டையாக விட்டால் மயானம்!

தெர்மகோலுக்கு மூலமான ஸ்டைரின் மட்டும் சாதுவா? 2020 மே 7-ஆம் நாள் விடியற்காலை, விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரின் ஆவி கிளம்பி வெங்கடாபுரம் ஊருக்குள் புகுந்தது. பொதுமுடக்கத்தால் நாள்கணக்கில் அசையாமல் கிடந்த தொட்டி. குளிர்ச்சியும் கவனமும் போதாமல் உள்ளே சூடேறி வெடித்தெழுந்த வினை. தூங்கியவர் எழவில்லை. எழுந்தவர் தெருவிலே விழுந்தனர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர்.

இவை நாளேட்டில் வந்த சாவுகள். நாளேட்டில் வராத சாவு ஒன்று உண்டு. நுரை ஊற்றும் இடத்திலே, தெளிக்கும் இடத்திலே, ஐசோசயனேட் ஆவியை அன்றாடம் மூச்சிழுக்கும் தொழிலாளிக்கு ஆஸ்துமா வருகிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளியளவு ஆவிபட்டாலும் மூச்சு இரைக்கும். புகைப் பழக்கம் என்பார்கள், குளிர்காலம் என்பார்கள், வயதாகிவிட்டது என்பார்கள். ஆலை என்று மட்டும் சொல்லமாட்டார்கள்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டு 24 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகை ஐசோசயனேட் கலந்த பண்டத்தைக் கையாளும் தொழிலாளிக்கு முறையான பயிற்சி தந்தே ஆக வேண்டும். அங்கே உள்ள தொழிலாளியின் நுரையீரல் வேறு, இங்கே உள்ள தொழிலாளியின் நுரையீரல் வேறா?

நான்காவது ஆபத்து குப்பை. தூய்மைப் பணித் தோழரின் வழக்கு இதுதான். பத்து நிமிடம் தேநீர் குடிக்க ஒரு கோப்பை, தலைமுறை தலைமுறையாக மக்காமல் கிடக்கும் குப்பை. தமிழ்நாட்டிலே 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தெர்மகோல் தட்டுக்கும் கோப்பைக்கும் தடை. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் அலங்காரத் தெர்மகோலுக்கும் தடை. ஆயினும் மேடை அலங்காரத்திலே அது எட்டிப் பார்க்கிறது. நம் கூட்டங்களிலும் எங்கேனும் எட்டிப் பார்த்தால், வெட்கப்பட வேண்டியவர் நாமே!

மறுசுழற்சி இல்லையா என்பீர். உண்டு. தெர்மகோலை மீண்டும் உருக்கலாம். ஆனால் ஒரு லாரி நிறைய ஏற்றினால் ஏற்றியது பெரும்பாலும் காற்று. வாடகை கட்டாது. அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரத்தை உள்ளூரிலேயே வைத்தால்தான் கட்டும். பாலியூரித்தேனையோ உருக்கவே முடியாது, வெந்த இட்லியை மீண்டும் மாவாக்க முடியாதது போல. துண்டு துண்டாக்கிப் பசையிட்டு அழுத்தினால் ரீபாண்டட் மெத்தை ஆகும். அதுவும் ஒரு பிழைப்பே, ஒரு பயனே.

ஆகவே நாம் கேட்பது என்ன? நுரையை ஒழி என்பதல்ல. நுரை வாழ்க என்பதுமல்ல. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இடத்திலே நுரை இருக்கட்டும்: மருந்துப் பெட்டியில், மீன் பெட்டியில், தலைக்கவசத்தில், குளிர்கிடங்கில். நிமிடக்கணக்கில் வீசி எறியும் இடத்திலிருந்து அது போகட்டும். துறைமுகத்து உடைந்த பெட்டிகளைத் திரும்பப் பெற்று அழுத்திக் கட்டும் இயந்திரத்தை, அந்தப் பெட்டியை விற்றுப் பணம் பார்ப்பவரின் செலவிலே நிறுவட்டும். நுரை ஊற்றும் ஒவ்வொரு பட்டறையிலும் காற்றுப்போக்கி, முகக் கவசம், ஆண்டுக்கொரு நுரையீரல் சோதனை வேண்டும். எந்தப் பீப்பாயிலே எந்த நஞ்சு என்பது தொழிலாளிக்குத் தெரிந்த தமிழிலே எழுதப்பட வேண்டும். மக்கள் கூடும் மண்டபத்தின் சுவரிலே எந்த நுரை ஒட்டியிருக்கிறது என்று திறப்பு விழாவுக்கு முன்பே பார்க்க வேண்டும், தீ விபத்துக்குப் பின்பு அல்ல.

இவ்வளவும் திண்ணையில் சொல்லி முடித்தபோது விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. துறைமுகத் தோழர் கேட்டார்: "அப்படியானால் அண்ணே, உடைந்த பெட்டியை நான் கடலிலே போடாமல் கட்டி வைத்தால், இவர் வந்து எடுத்துப்போவாரா?"

"வண்டியை எங்கள் மேலதிகாரி கொடுத்தால் எடுப்பேன்" என்றார் தூய்மைப் பணித் தோழர்.

"அந்த வண்டியை இருவரும் சேர்ந்து கேளுங்களேன்" என்றோம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் சண்டை போட வேண்டியது ஒருவரோடு ஒருவர் அல்ல என்பது அப்போது விளங்கியது. மறுநாளே மனு எழுத உட்கார்ந்தனர். எழுதுகோல் நம்முடையது, கையெழுத்து அவர்களுடையது. உங்கள் ஊரிலும் இப்படி இருவர் இருப்பார்கள். தேடிப் பிடித்து ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள்!